திண்டுக்கல்லில் என் பெட்டி ஊழியம்

மலேசியாவில், கிள்ளானில் என்னை வழியனுப்பிய அன்று சபை வாசலில் ஒரு பதாகை கட்டியிருந்தார்கள். ஒரு பக்கம் என் முகம், மறுபக்கம் ஒரு பனைமரம், நடுவில் ‘இந்தியாவுக்கு எங்கள் மிஷனரி’ என்ற வாசகம். பனைமரம் எதற்கென்று அச்சடித்தவருக்கே தெரியாது. எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. மலேசியாவைத் தாண்டி எங்கும் போனதில்லை. பயணப் பெட்டியில் பன்னிரண்டு பிரசங்கக் குறிப்புகளும் வயிற்றுப்போக்குக்கு மூன்று வகை மாத்திரைகளும் இருந்தன. மாத்திரைகள் முதல் வாரத்திலேயே தீர்ந்துவிட்டன. பிரசங்கங்கள் இன்னும் அப்படியே இருக்கின்றன.

விசா விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேதாகமக் கல்லூரியில் ஓராண்டு படிக்கத்தான் எனக்கு அனுமதி. ‘மிஷனரி’ என்பது பதாகையில் மட்டும். படிப்பின் நடுவில் ஆறு வாரம் ஏதாவது ஒரு சபையில் தங்கிப் பழக வேண்டும் என்பது கல்லூரியின் விதி. கூடப் படித்த ஒருவருக்கு ஊட்டி கிடைத்தது. எனக்குச் சித்திரை மாதத்தில் திண்டுக்கல் கிடைத்தது.

பேருந்து நிலையத்துக்கு என்னை அழைக்க வந்தவர் பாண்டி அண்ணன், சபையின் சிறிய சரக்கு வண்டிக்கு ஓட்டுநர். கிறிஸ்தவ சபையின் வண்டியை ஓட்டுகிறவர் நெற்றி நிறைய விபூதி பூசியிருந்ததால் நான் அவரைத் தேடவில்லை. மலேசியாவிலிருந்து வருகிறவன் என் நிறத்தில் இருப்பான் என்று அவரும் நினைக்கவில்லை. என் பெயர் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு மூன்று முறை என்னைக் கடந்து போனார். நான் அட்டையைப் பார்த்து அவர் தோளைத் தொட்டபோது, கொடைக்கானல் பேருந்தைத் தேடிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரரின் முதுகுப்பை அந்தத் தோளில் தொங்கியது. அந்த மனிதர் நன்றி சொல்லிக்கொண்டே பின்னால் நடந்து வந்துகொண்டிருந்தார்.

“நீங்கதான் டேனியலா?” என்று பாண்டி அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார். “பாரின்காரருன்னுல்ல சொன்னாங்க.”

“ஆமாண்ணே, மலேசியா.”

“பாக்க எங்க சின்ன மாமன் மகன் கணக்கா இருக்கீக.”

வெள்ளைக்காரரின் பையைத் திருப்பிக் கொடுக்க அவருக்கு மனமே வரவில்லை.

முதல் நாள் காலை பதினொரு மணிக்கு பிரியாணி வாங்கித் தந்தார்கள். இந்த நேரத்திலா என்று கேட்க வாயெடுத்தேன். எங்கள் ஊரில் காலை ஏழு மணிக்கே தேங்காய்ப்பால் சோற்றோடு நெத்திலியும் சம்பால் என்னும் மிளகாய் விழுதும் வைத்து நாசி லெமாக் சாப்பிடுகிறவன் நான் என்பது ஞாபகம் வந்து, பேசாமல் சாப்பிட்டேன். சீரகச் சம்பா அரிசி, சின்னச் சின்னக் கறித்துண்டு, மிளகுக் காரம். இரண்டாவது கவளத்தில் கண்ணில் நீர் வந்தது. மதியம் பாஸ்டரம்மா சோறு போட்டார். “வெஞ்சனத்த வச்சுக்கங்க தம்பி, வெறுஞ்சோத்தத் திங்கிறீங்களே” என்று பொரியலையும் கூட்டையும் இலையில் குவித்தார். நான் வயிற்றைத் தடவிக் காட்டினேன். சாப்பாடு பிடித்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் வைத்தார்.

அன்று மாலை பாஸ்டரிடம் என் பன்னிரண்டு குறிப்புகளைக் காட்டினேன். அவர் பொறுமையாக ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடி வைத்தார்.

“நல்லா எழுதியிருக்கீங்க தம்பி. ஆனா நீங்க படிக்கிற விசாவுல வந்த பிள்ள. மைக்கப் பிடிச்சா ஒங்களுக்கும் வம்பு, சபைக்கும் வம்பு. இந்த ஆறு வாரமும் வாயத் திறக்காதீங்க.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “பெட்டியத் திறங்க.”

அவர் காட்டிய பெட்டி சபைக் கட்டடத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் இருந்தது. ஆள் நீளத்துக்கு ஸ்டீல் பெட்டி, மேலே கண்ணாடி மூடி, கால்மாட்டில் மோட்டார், அடியில் நான்கு சக்கரங்கள், அதில் ஒன்று மட்டும் தன் இஷ்டத்துக்குத் திரும்பும். இறந்தவர்களின் உடலைக் கெடாமல் வைத்திருக்கும் ஐஸ் பெட்டி. சபைக் குடும்பம் ஒன்று வாங்கிக் கொடுத்தது. யார் கேட்டாலும் வாடகை கிடையாது, சாதியும் மதமும் கேட்பது கிடையாது. அதோடு சாவு வீட்டில் வசனம் சொல்லக் கூடாது, கைப்பிரதி கொடுக்கக் கூடாது என்பது பாஸ்டரின் கட்டளை. “அழுகிற வீட்டுல போயி ஆள் பிடிக்கக் கூடாது தம்பி. வயர் நீளம் பத்துதான்னு மட்டும் பாருங்க” என்றார். கிள்ளானுக்கு அன்று அனுப்பிய செய்தியில் ‘ஊழியம் தொடங்கிவிட்டது’ என்று எழுதினேன். என்ன ஊழியம் என்று எழுதவில்லை.

எங்கள் ஊரில் சாவு என்றால் ஈமச்சடங்கு நிறுவனத்திலிருந்து கழுத்துப்பட்டை கட்டிய ஒருவர் வருவார். சவப்பெட்டிப் படங்கள் போட்ட புத்தகத்தை விரிப்பார். குடும்பம் விரலால் தொட்டுக் காட்டும், மற்றதெல்லாம் அவர் பாடு. இங்கே பாண்டி அண்ணனின் கைப்பேசி அடிக்கும். பாதிக் குளியலில் இருந்தாலும் துண்டோடு ஓடி வருவார். எனக்கு அவர் தந்த முதல் பாடம் இது: “போனதும் எந்த பிளக்கு கெட்டியா இருக்குன்னு பாரு அப்பு. யாரு செத்தாங்கன்னு பெறகு கேட்டுக்கலாம்.” இரண்டாவது பாடம், நாளிதழில் முதலில் படிக்க வேண்டியது மின்தடை அறிவிப்பு. மூன்றாவது, மூடியை யார் கேட்டாலும் திறக்கக் கூடாது. கல்லூரியில் ஊழிய முறைகள் பற்றி ஒரு பருவம் முழுக்கப் படித்திருந்தேன். அதில் பிளக் பற்றி ஒன்றும் இல்லை.

இரண்டாம் வாரம் கன்னிவாடியில் ஒரு வீட்டில் வேலை முடிந்து காலிப் பெட்டியோடு திரும்பும்போது டயர் வெடித்தது. பாண்டி அண்ணன் வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார். தோட்ட வேலை முடித்துத் தூக்குச்சட்டியோடு வந்த நான்கைந்து பெண்கள் பின்பக்கம் பெட்டியைப் பார்த்து நின்றார்கள். ஒரு அம்மா கண்ணாடியில் கை வைத்து, “யாரு பெத்த பிள்ளையோ, நடுரோட்டுல கெடக்குதே” என்று ஆரம்பித்தார். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். உள்ளே வெறும் பெட்டிதான் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். பாண்டி அண்ணன் அடியிலிருந்து என் காலைக் கிள்ளினார். அழுகிறவர்களை நிறுத்தினால் அவர்களுக்கு அவமானமாகிவிடும் என்று பிறகு விளக்கினார். ஒரு பெண் தலையில் இருந்த மல்லிகையை எடுத்து மூடியின் மேல் வைத்துவிட்டுப் போனார். இல்லாத ஒருவருக்காக அன்று பத்து நிமிடம் தலை குனிந்து நின்றேன்.

மூன்றாம் வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை குஜிலியம்பாறைக்கு அப்பால் ஒரு கிராமத்திலிருந்து அழைப்பு வந்தது. வானம் பார்த்த பூமி. ரோட்டின் இருபுறமும் சோளத்தட்டையும் வெள்ளாடும் தவிர வேறொன்றும் இல்லை. இறந்தவர் காளியம்மாள், அறுபதைத் தாண்டியவர். மகள் தங்கம் உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டவர். ஒரே மகன் சரவணன் மலேசியாவில் வேலை பார்க்கிறார் என்றார்கள். அதைக் கேட்டதும் பாண்டி அண்ணன் சும்மா இருக்காமல் என்னைக் காட்டி, “தம்பியும் அந்த ஊருதான்” என்றார்.

தங்கம் என் கையைப் பிடித்துக்கொண்டார். “எந்தம்பியப் பாத்திருக்கியா அப்பு? செவப்பா, ஒசரமா இருப்பான்.”

மலேசியா பெரிய நாடு என்று சொன்னேன். அவருக்கு அது பொருட்டாகவே இல்லை. மறுநாள் மதியம் தம்பி திருச்சியில் வந்து இறங்குகிறார், அதுவரை ஆத்தா முகம் வாடாமல் இருக்க வேண்டும் என்றார். வீட்டில் கெட்டியான பிளக் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதில் பெட்டியைச் சொருகிவிட்டுத் திரும்பினோம்.

புதன்கிழமை காலை டீக்கடையில் நாளிதழை விரித்த பாண்டி அண்ணன் பாதி டீயைக் கீழே ஊற்றினார். அந்தப் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்து மணி வரை மின்சாரம் இருக்காது. இட்லியைப் பொட்டலம் கட்டச் சொல்லி, அதையும் கடையிலேயே மறந்து வைத்துவிட்டு ஓடினோம்.

எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது பெட்டியிலிருந்து சத்தமே வரவில்லை. பிளக்கில் ஒரு கைப்பேசி சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தது.

“யாரு கழட்டுனது?” என்று கத்தினேன். சாவு வீட்டில் கத்தக் கூடாது என்பது எனக்குத் தெரியும்.

“நாந்தான் அப்பு” என்றார் தங்கம். “அவென் அங்க ஏரோப்ளேனுக்கு நிக்கிறான். ஆத்தா மொகத்தக் காட்டுக்கா, காட்டுக்கான்னு அழுகுறான். செல்லுல சார்ஜ் இல்ல. அதான் செத்த நேரம்…”

“எம்புட்டு நேரமாச்சு?” என்று கேட்டார் பாண்டி அண்ணன்.

“ஆறு மணி இருக்கும்.”

இரண்டு மணி நேரம். அதோடு, கண்ணாடியில் பனி படர்ந்து முகம் மங்கலாகத் தெரிந்ததால் மூடியையும் திறந்து வைத்துக் காட்டியிருக்கிறார்கள். தம்பி நேரில் வந்து முகம் பார்ப்பதற்காக வைத்த பெட்டியை, தம்பி ஃபோனில் முகம் பார்ப்பதற்காகவே அக்கா அணைத்துவிட்டார். எனக்கு வந்த கோபம் அவருடைய வீங்கிய கண்ணைப் பார்த்ததும் எங்கே போனதென்று தெரியவில்லை. கைப்பேசியைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டுப் பெட்டியைச் சொருகினேன். மின்சாரம் இருக்கப் போவது இன்னும் ஒரு மணி நேரம்.

ஒன்பது மணிக்குச் சொல்லி வைத்தாற்போல மின்சாரம் போனது. நம் ஊர்களில் சொன்ன நேரத்துக்கு நடப்பது இது ஒன்றுதான் என்றார் பாண்டி அண்ணன்.

சாமியானாவுக்குக் கீழே இருந்த ஆண்கள் பேச ஆரம்பித்தார்கள். முதலில் பேசியவர் சின்னச்சாமி, இறந்தவரின் உடன்பிறந்த தம்பி, சரவணனுக்குத் தாய்மாமன். பக்கத்து ஊரிலிருந்து வந்திருந்தார். அந்தச் சாவு வீட்டில் அவர் சொல்வதுதான் சட்டம் என்பது மற்றவர்கள் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. அன்று சாயங்காலம் ஊர் மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டு. அதற்கு முன்னால் பிணம் ஊரைத் தாண்டிவிட வேண்டும். கரண்டும் இல்லை, வெயிலும் இப்படிக் கொளுத்துகிறது.

“பன்னண்டு மணிக்கு எடுத்துருவோம்” என்றார் அவர்.

தங்கம் உள்ளேயிருந்து தலைவிரி கோலமாக ஓடி வந்தார். “எந்தம்பி வராம எங்காத்தாளத் தொட்டீங்க, நானும் கூடவே ஏறிப் படுத்துக்குவேன். கடல் தாண்டி வாரான் மாமா. வெறுஞ் சாம்பலையா வந்து பாப்பான்?”

“ஏத்தா, எனக்கு மட்டும் ஆசையா? எங்கக்காடி அது. நாறிப்போயி எடுத்தா நல்லாருக்குமா?” என்ற சின்னச்சாமி சட்டென்று என் பக்கம் திரும்பினார். “ஏப்பா மலேசியா, பொட்டி தாங்குமா தாங்காதா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பாண்டி அண்ணன் வானத்தைப் பார்த்தார்.

“நாலு மணி வரைக்கும் தாங்கும்” என்றேன்.

எனக்கு எப்படித் தெரியும்? தெரியவே தெரியாது. கிள்ளானில் வாலிபர் கூட்டங்களில் எத்தனையோ பெரிய விஷயங்களை மேசையைத் தட்டி உறுதியாகச் சொல்லியிருக்கிறேன். அன்றே சாயங்காலம் நாலு மணிக்கு அது மெய்யா பொய்யா என்று மூடியைத் திறந்து பார்க்க யாரும் வந்ததில்லை. சின்னச்சாமி கொஞ்ச நேரம் மீசையைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, “நாலு. அதுக்கு மேல ஒரு நிமிசம் கெடையாது” என்றார்.

ஜெனரேட்டர் ஒன்றுதான் வழி. குஜிலியம்பாறையில் மைக் செட் வைத்திருப்பவரிடம் ஒன்று இருந்தது. ஆனால் அது தாடிக்கொம்பில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தது. பாண்டி அண்ணன் வண்டியைக் கிளப்பினார். பெட்டிக்குக் காவலாக நான் நின்றேன்.

காவல் என்றால் சாதாரணக் காவல் இல்லை. சாவு வீட்டுக்கு வருகிற ஒவ்வொரு பெண்ணும் இறந்தவரின் முகத்தைத் தொட வேண்டும், கன்னத்தைத் தடவ வேண்டும், கட்டிக்கொண்டு அழ வேண்டும். நடுவில் கண்ணாடியை வைத்து நான் நின்றுகொண்டிருந்தேன். அவர்கள் கையை நீட்ட, நான் மூடியை அழுத்திப் பிடிக்க, ஒரு அம்மா என் கையிலேயே ஓங்கி ஒன்று வைத்தார்.

“ஏலே, யாருடா நீ? எங்க சின்னாத்தாளத் தொட ஒன்னயக் கேக்கணுமா?”

“திறந்தா குளிரு போயிரும்மா. சரவணன் வரட்டும்.”

பேசக் கூடாதென்று அனுப்பப்பட்டவன் அன்று காலை முழுவதும் இந்த ஒன்றையே நாற்பது ஐம்பது முறை சொன்னேன். பத்தரை மணிக்கு மேல் எனக்கு வேலை குறைந்தது. என்னை அடித்த அதே அம்மா பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு, புதிதாக வந்தவர்களை “தொடாத, தொடாத, சரவணன் வரட்டும்” என்று விரட்ட ஆரம்பித்தார். என்னைவிடக் கண்டிப்பாக இருந்தார்.

ஆனால் கண்ணாடியில் படர்ந்திருந்த பனி கரையத் தொடங்கியது. ஒவ்வொரு சொட்டாக ஓரத்தில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். யாரோ வரக்காப்பி கொடுத்தார்கள், குடித்த ஞாபகம் இல்லை. அப்போது தெருவில் மீன்காரர் ஒருவர் மொபெட்டில் வந்தார். சாவு வீடு என்று கண்டதும் ஹாரனை நிறுத்தி, இறங்கித் தள்ளிக்கொண்டு கடக்கப் பார்த்தார். நான் ஓடிப்போய் வழிமறித்து, ஐஸ் கேட்டேன். எதற்கு என்று சொன்னேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. மீனை எல்லாம் ஒரு கோணியில் கொட்டிக்கொண்டு, அடியில் இருந்த ஐஸ் முழுவதையும் அள்ளித் தந்தார். “மீன் கெட்டுப்போகாதா?” என்று கேட்டேன். “ரெண்டு தெருவுல வித்துருவேன், நீ போ” என்று சொல்லிவிட்டு அடுத்த தெருவில் போய் ஹாரன் அடித்தார். ஈரச் சாக்கில் ஐஸைக் கட்டிப் பெட்டியின் இருபுறமும் மேலேயும் அடுக்கினோம். வீடு முழுக்க மீன் வாடை. நான் தங்கத்திடம் மன்னிப்புக் கேட்டேன்.

“விடு அப்பு. எங்காத்தாளுக்கு மீனுன்னா உசுரு” என்றார். காலையிலிருந்து முதல்முறையாக அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது.

பன்னிரண்டரைக்குப் பாண்டி அண்ணன் ஜெனரேட்டரோடு வந்தார். அதன்மேல் கல்யாண சீரியல் பல்புகள் சுற்றியபடியே இருந்தன. தாலி கட்டி முடிந்திருந்தும், கல்யாண வீட்டு ஜெனரேட்டரைச் சாவு வீட்டுக்கு அனுப்ப முடியாது என்று அங்கே ஒரே பேச்சாம். “சர்ச்சுல கூட்டம், மலேசியாவுலருந்து பெரிய ஊழியக்காரர் வந்து பேசுறார்னு சொன்னேன். ஒடனே குடுத்துட்டாங்க” என்றார். மூன்று வாரத்தில் என் பேச்சுக்குக் கூடிய ஒரே கூட்டம் அதுதான். பெண்ணின் அப்பா ஊழியக்காரருக்கென்று கொடுத்தனுப்பிய தாம்பூலப் பையைச் சீட்டுக்கு அடியில் ஒளித்து வைத்தோம்.

பெட்டி மறுபடி உறுமத் தொடங்கியது. எனக்கு உயிர் வந்தது. ஆனால் விமானம் தாமதம். ஒன்றரைக்குச் சரவணன் இறங்கினார், இரண்டரைக்குத்தான் வெளியே வந்தார். மூன்றரைக்கு மணப்பாறையில் நிற்கிறோம் என்று சேதி வந்தது. சீக்கிரம் வரச் சொல்லு என்று எல்லோரும் ஃபோனில் கத்தினார்கள். கத்தினால் கார் வேகமாக ஓடுமா என்று யாரும் யோசிக்கவில்லை, நானும் கத்தினேன்.

நாலு மணி. தெருவில் கொட்டு மேளம் வேகம் எடுத்தது. பாடை தயார். கோயில் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து, “என்னப்பா, எடுக்கலையா? பொழுது சாயுது, காப்புக் கட்டணும்” என்றார். சின்னச்சாமி நாற்காலியிலிருந்து எழுந்தார். தங்கம் பெட்டியின் மேல் குப்புற விழுந்துவிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்த நேரத்தில் எனக்கு எந்த ஜெபமும் வரவில்லை, ‘ஒரு அரை மணி நேரம்’ என்பது மட்டும்தான் வந்தது.

“அடடா” என்றார் சின்னச்சாமி, கூட்டம் முழுக்கக் கேட்கும்படி. “கோடிச் சேலைய வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டேனே!”

கொட்டு நின்றது. பெண்ணுக்குப் பிறந்த வீட்டுப் புதுச்சேலையை உடன்பிறந்தவன் போர்த்தாமல் அங்கே பிணத்தைத் தூக்க மாட்டார்கள். கோயில்காரரும் ஒன்றும் சொல்ல முடியாது. “எடுத்துட்டு வாரேன். அதுவரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டு அவர் மொபெட்டை எடுத்தார்.

காலையிலிருந்து அவர் நாற்காலிக்கு அடியில் ஒரு மஞ்சள் பை இருந்தது. அதிலிருந்து அரக்குச் சேலையின் கரை வெளியே தெரிந்ததை நான் பார்த்திருக்கிறேன். எல்லோரும்தான் பார்த்திருப்பார்கள். அந்தப் பையை எடுத்து, எல்லோர் கண்ணெதிரிலும் ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டுதான் அவர் கிளம்பினார். தெருமுனை வேப்பமரம் வரை போய், வண்டியை நிறுத்தி, பீடி பற்றவைத்தார். நாங்கள் நின்ற இடத்திலிருந்து அந்தப் புகைகூடத் தெரிந்தது. ஊரே வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது. கோயில்காரர் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார்.

நாலரை தாண்டிக் கார் வந்தது. அதன் பின்னாலேயே சின்னச்சாமியும் வந்தார், சேலையோடு.

சரவணன் கடைச் சீருடையிலேயே வந்திருந்தார். கறுப்புச் சட்டையின் முதுகில் உணவகத்தின் பெயர், காலணியில் மாவு காய்ந்திருந்தது. கூட்டம் விலகியது. நான் சாக்குகளை எடுத்துவிட்டு மூடியைத் திறந்தேன். காளியம்மாளின் முகம் தூங்குகிற முகமாகவே இருந்தது. சரவணன் தாயின் கன்னத்தில் உள்ளங்கையை வைத்தார். வைத்தபடியே நின்றார். பிறகு, “ஆத்தா, ரொம்பக் குளிருதா?” என்று கேட்டார். அதற்கு மேல் அங்கே யாராலும் நிற்க முடியவில்லை. நானும் வாய்விட்டு அழுதேன். நீ யார், எந்த ஊர், உனக்கு என்ன முறை என்று யாரும் கேட்கவில்லை.

தூக்கிக்கொண்டு போனார்கள். நாங்கள் உடனே கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் ஜெனரேட்டரை வண்டியில் ஏற்ற நான்கு ஆள் வேண்டும், ஊரில் இருந்த ஆண்கள் எல்லோரும் சுடுகாட்டில். பாண்டி அண்ணன் தாம்பூலப் பைத் தேங்காயை உடைத்துப் பாதியை எனக்குக் கொடுத்தார். காலையில் விட்ட இட்லிக்கு அதுதான் ஈடு. தெருக்குழாயில் பெட்டியைக் கழுவித் துடைத்தேன். மீன் வாடை போவேனா என்றது.

ஆறு மணிக்கு மேல் ஆண்கள் திரும்பி வந்தார்கள். கோயிலில் கொட்டு தொடங்கிவிட்டது. சரவணன் மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாக நேரே எங்களிடம் வந்து ஜெனரேட்டரின் ஒரு முனையைப் பிடித்தார். வேண்டாம் என்றோம், கேட்கவில்லை. ஏற்றி முடித்ததும் வண்டியின் ஓரத்தில் சாய்ந்து நின்றார்.

“அக்கா சொல்லுச்சு. மலேசியாவுல எங்க தம்பி?”

“கிள்ளான்ணே.”

“நான் ஜொகூர்ல இருக்கேன். ரொட்டி போடுறேன். அஞ்சு வருசமாச்சு.” கையைத் துடைத்துக்கொண்டார். “எங்க கடைக்கு எதுத்தாப்புல ஒரு சர்ச் இருக்கு. தமிழ் சர்ச்சுதான். ஞாயித்துக்கெழமை முடிஞ்சதும் இருவது பேரு வருவாங்க. ரொம்ப நல்ல சனங்க தம்பி, ஒரு நாளும் மொகஞ் சுளிச்சதில்ல. திங்கிறதுக்கு முந்தி எல்லாரும் கண்ண மூடிக் கும்புடுவாங்க. கும்புட்டு முடிக்கிற வரைக்கும் நான் தட்டக் கையில வச்சுக்கிட்டு நிப்பேன்.”

பெட்டி துடைத்த துணியைப் பிழிந்து வண்டி ஓரத்தில் போட்டேன்.

“போன மாசம் ஆத்தாளுக்கு முடியலன்னு சேதி வந்துச்சு. அந்த ஞாயித்துக்கெழமை நெனச்சேன், நம்மளுக்காகவும் ஒரு வார்த்த கும்புடுங்கன்னு சொல்லலாமான்னு. வாய் வரல. எம்பேரு கூட அவங்களுக்குத் தெரியாது. தெரியாதவங்ககிட்ட எப்படிக் கேக்குறது?”

குறை சொல்லும் குரல் இல்லை அது. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். பிறகு என் இரண்டு கைகளையும் பிடித்து, “வாரேன் தம்பி” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார்.

கிள்ளானில் எங்கள் சபைக்கு எதிரிலும் ஒரு மாமாக் கடை, அதாவது தமிழ் முஸ்லிம் உணவகம், இருக்கிறது. ஞாயிறு தோறும் இந்திய ஊழியத்துக்கென்று காணிக்கைப் பை சுற்றி வரும். ஆராதனை முடிந்ததும் ரோட்டைத் தாண்டி அந்தக் கடைக்குப் போவோம். அங்கே ரொட்டி போடுகிறவரின் வலது மணிக்கட்டில் ஒரு பழைய தீக்காயத் தழும்பு இருக்கும். நான் ரொட்டிக்குப் பருப்பு அதிகம் கேட்பேன் என்பது அவருக்குத் தெரியும். மூன்று வருடம் என் தட்டில் அவராகவே அதிகமாக ஊற்றியிருக்கிறார். அவரை நாங்கள் ‘மச்சான்’ என்று கூப்பிடுவோம், கடையில் இருக்கும் எல்லோரையும் அப்படித்தான். எனக்கு வெட்கமாக இருந்தது. வேறு சொல் தேட வேண்டியதில்லை, வெட்கம்தான்.

வண்டி ரோட்டுக்கு வந்ததும் கிள்ளானில் இருக்கும் என் நண்பன் ஜோசுவாவுக்குச் செய்தி அனுப்பினேன். எதிர்க்கடையில் ரொட்டி போடும் அண்ணனிடம் போய் அவர் பெயரும் ஊரும் கேட்டு எழுது, இப்போதே போ என்றேன். அங்கே ராத்திரிச் சாப்பாட்டு நேரம், கடை திறந்துதான் இருக்கும்.

வேடசந்தூர் தாண்டும்போது பதில் வந்தது. ‘போயிட்டு வந்துட்டேன். அவர் போன மாசமே ஊருக்குத் திரும்பிட்டாராம். கடையில யாருக்கும் அவர் முழுப்பேர் தெரியல, ஊரும் தெரியல. இப்ப வேற ஒருத்தர் நிக்கிறார். எதுக்குடா கேக்குற?’

இப்போது நிற்கிறவரின் பெயரைக் கேள் என்று எழுதினேன். ஊரில் அவருடைய அம்மா எப்படி இருக்கிறார் என்றும் கேட்கச் சொன்னேன்.